டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை

கேள்வி: எனக்கு வயது 28. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இப்போது ஏழு வாரக் கர்ப்பம். கடைசி மாதவிலக்கு டிசம்பர் 20 அன்று வந்தது. எனக்கு எப்போதும் 28 நாள் கணக்கு தவறாது. டிசம்பர் 31 இரவு பீச் ரோட்டில் சுற்றிவிட்டு, தோழி வீட்டில் இரண்டு பெக் வோட்கா குடித்தேன். பொங்கல் லீவில், ஜனவரி 17 அன்று, ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஒன்றரை பாட்டில் ஸ்ட்ராங் பீர். ஜனவரி 25 உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் ஒரு கிளாஸ் ஒயின். பிப்ரவரி 1 அன்று டெஸ்ட் கார்டில் இரண்டு கோடு வந்தது. அதிலிருந்து தொடவில்லை, ஆனால் தூக்கமும் இல்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? கலைத்துவிடுவது நல்லதா? ஸ்கேனில் தெரியுமா? கணவரோ, "பிரான்ஸில் இருக்கும் சித்தி கர்ப்பமாக இருந்தபோதும் சாப்பாட்டோடு ஒயின் குடித்தவர்தான், இரண்டு பிள்ளைகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், எப்போதாவது கொஞ்சம் குடித்தால் தப்பில்லை" என்கிறார். பிரசவத்துக்குப் பிறகு கொடுக்க நல்ல பிராந்தி வாங்கி வைக்க வேண்டும் என்று அத்தை இப்போதே பேசுகிறார். முதல் செக்கப்பில் டாக்டர், கணவர் குடிப்பாரா என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பெயர் வேண்டாம், ரெட்டியார்பாளையம்

பதில்: முதலில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் இந்த மூன்று நாள் காரணத்துக்காக மட்டும் கர்ப்பத்தைக் கலைக்க வேண்டியதில்லை. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

நல்ல வேளையாகத் தேதிகளைத் தெளிவாகக் கொடுத்திருக்கிறீர்கள். காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஏழு வாரம் என்று சொல்வது கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் கணக்கு. உங்கள் 28 நாள் சுழற்சியில் கரு உருவானது ஏறக்குறைய ஜனவரி 3. அப்படியானால் டிசம்பர் 31 இரவு வயிற்றில் யாரும் இல்லை. அந்த வோட்கா உங்கள் கல்லீரலோடு போயிற்று. குழந்தையின் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஜனவரி 17 கரு உருவாகி 14ஆம் நாள். இது வரப்பின் மேல் நிற்கிற நாள். கரு கருப்பைச் சுவரில் பதிந்து, தாயின் ரத்தத்தோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும் காலம் அது. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் பெரிய பாதிப்பு வந்தால் பெரும்பாலும் கருவே தங்காது, தங்கிவிட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். உங்கள் கரு தங்கியிருக்கிறது. மூன்றாவது வாரத்தில்தான் முகமும் மூளையும் உருவாவதற்கான அடுக்குகள் பிரியத் தொடங்குகின்றன. ஜனவரி 25 அந்த வாரத்தைத் தாண்டிய 22ஆம் நாள். இதயம் துடிக்கத் தொடங்கும் சமயம். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் மூடிக்கொண்டு வரும் நேரமும் அதுதான். அன்று நீங்கள் குடித்தது ஒரு கிளாஸ்.

ஆக, உண்மையில் நான் யோசிப்பது அந்த பீர் நாளைப் பற்றி மட்டும்தான். நம் ஊரில் பீர் என்றால் யாரும் அதைக் குடி என்றே எண்ணுவதில்லை, ஏதோ கூல்டிரிங்ஸ் போல. கணக்குப் போட்டுப் பாருங்கள். 650 மில்லி பாட்டில், 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் அதில் சுமார் 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 90 மில்லி கட்டிங் பிராந்தியில் சுமார் 30 கிராம். அதாவது கட்டிங் அடித்தவரைக் குடிகாரர் என்கிறோம், அவரைவிட அதிகம் குடித்த ஒரு பாட்டில் பீர்க்காரரை "பீர் மட்டும்தான்" என்று விட்டுவிடுகிறோம். உங்கள் ஒன்றரை பாட்டில் சுமார் 60 கிராம், கிட்டத்தட்ட ஒரு குவார்ட்டர். ஒரே அமர்வில் இவ்வளவு குடிப்பதுதான் கருவுக்கு ஆபத்தான பழக்கம். ஒரேயடியாக ஏறும் அளவு மூளைக்கு அதிகக் கெடுதல் செய்கிறது.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. அந்த ஒரு நாளால் எதுவுமே ஆகியிருக்காது என்று எந்த டாக்டரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஆனால் கர்ப்பம் தெரியும் முன் ஓரிரு நாள் குடித்து, தெரிந்ததும் நிறுத்திய பெண்களில் பெரும்பாலோர் நல்ல குழந்தையைப் பெற்று வீட்டுக்குப் போகிறார்கள். என் அனுபவமும் அதுதான். கர்ப்ப காலத்தில் குடித்த பெண்களைப் பற்றி உலக அளவில் 2017இல் வெளிவந்த மதிப்பீடுகள் இரண்டு இருக்கின்றன. முகத்திலேயே அடையாளம் தெரியும் முழுமையான பாதிப்பு அவர்களில் 67 பேரில் ஒருவரின் குழந்தைக்கு. படிப்பு, கவனம், நடத்தை என்று மறைமுகமாகத் தெரியும் பாதிப்புகளையும் சேர்த்தால் 13 பேரில் ஒருவருக்கு. இந்தக் கணக்கில் ஒன்பது மாதமும் குடித்தவர்களும் அடக்கம். நீங்கள் அந்த வரிசையில் கடைசியில், வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்.

ஆல்கஹால் எப்படி உள்ளே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். நஞ்சுக்கொடி பல கிருமிகளைத் தடுக்கும். ஆல்கஹாலைத் தடுக்காது. நீங்கள் குடித்துக் கொஞ்ச நேரத்தில் உங்கள் ரத்தத்தில் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு குழந்தையின் ரத்தத்திலும் இருக்கும். அதை உடைக்க வேண்டிய நொதி குழந்தையின் கல்லீரலில் இல்லாத மாதிரிதான். அதனால் அது திரும்ப உங்கள் ரத்தத்துக்கு வந்து, உங்கள் கல்லீரல் வேலை செய்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீருக்கே ஐந்தாறு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கர்ப்பம் வளர்ந்த பிறகு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஆல்கஹால் பனிக்குட நீரிலும் தங்கும், குழந்தை அந்த நீரைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு இறங்கிப் போனபின்பும் உள்ளே இருப்பவருக்கு இறங்குவதில்லை.

முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கை, கால், இதயம் எல்லாம் முதலில் உருவாகி முடிகின்றன, சரி. மூளை அப்படியில்லை. ஒன்பது மாதமும் அது கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைவு, வயிற்றிலேயே குழந்தை இறந்துபோவது என்ற ஆபத்துகள் கடைசிவரை தொடர்கின்றன. அதனால் "எத்தனையாவது மாதத்திலிருந்து கொஞ்சம் குடிக்கலாம்" என்ற கேள்விக்கே இடமில்லை. அதே காரணத்தால் எந்த மாதத்தில் நிறுத்தினாலும் லாபம்தான். நீங்கள் ஏழாவது வாரத்துக்குள் நிறுத்திவிட்டீர்கள்.

ஸ்கேனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் தேதிப்படி 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் மார்ச்சில் வரும். அனாமலி ஸ்கேன் ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம். இதயத்தில் ஓட்டை, சிறுநீரகக் கோளாறு, தண்டுவடம் மூடாமல் போனது போன்றவற்றை அதில் பார்க்கலாம். ஆனால் ஆல்கஹால் மூளையின் செயல்பாட்டில் செய்யும் குறையை ஸ்கேன் காட்டாது. அதற்கென்று ரத்தப் பரிசோதனையும் கிடையாது. பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் அது வெளியே வரும்: சொன்னது மனதில் நிற்காது, ஓரிடத்தில் உட்கார முடியாது, கணக்கு வராது, கோபம் கட்டுப்படாது. நம் ஊரில் அப்படிப்பட்ட பிள்ளையை "மக்கு", "அடங்காதவன்" என்று சொல்லி வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்துவிடுவார்கள். அம்மாவின் வயிற்றில் இருந்தபோது என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் ஸ்கேன் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதை வைத்துக்கொண்டு மறுபடி கிளாஸை எடுக்காதீர்கள்.

இனி உங்கள் கணவரின் சித்தி.

நம் புதுச்சேரியில் பாதி வீட்டில் பிரான்ஸில் ஒரு சித்தியோ பெரியப்பாவோ உண்டு. அவர்கள் லீவுக்கு வரும்போது கொண்டுவரும் சாக்லேட்டோடு அவர்கள் சொல்வதும் வேதவாக்காகிவிடுகிறது. உங்கள் கணவருக்கு இதைச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் குடித்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை மருத்துவ இதழில் முறையாக எழுதிய முன்னோடிகளில் ஒருவர் பிரெஞ்சுக்காரர்தான். நாந்த் நகரத்துக் குழந்தை மருத்துவர் பால் லெமுவான். குடிப்பழக்கம் உள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளைப் பற்றி 1968இல் அவரும் அவருடன் இருந்தவர்களும் எழுதினார்கள். ஒரே மாதிரி முகம், வளர்ச்சிக் குறைவு, பிறவிக் கோளாறுகள், புத்தி வளர்ச்சியில் தடை. ஒயின் விளைகிற நாட்டில் அதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? ஐந்து வருடம் கழித்து, 1973இல், அமெரிக்காவின் சியாட்டிலில் இரண்டு டாக்டர்கள் தாங்களாகவே அதே மாதிரிக் குழந்தைகளைப் பார்த்து அந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சிறிய கண் பிளவு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பள்ளம் மழுங்கிப்போவது, மெல்லிய மேலுதடு: இன்றும் நாங்கள் பார்க்கிற முக அடையாளங்கள் இவைதான். கடைசியில் பிரான்ஸே வழிக்கு வந்துவிட்டது. 2007 முதல் அங்கே விற்கும் மது பாட்டில்களில் கர்ப்பிணி படமோ எச்சரிக்கை வாசகமோ கட்டாயம். அடுத்த முறை சித்தி பாட்டிலோடு வந்தால் லேபிளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பாட்டிலில் குடி உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்பதோடு சரி.

சித்தியின் பிள்ளைகள் நன்றாக இருப்பது மகிழ்ச்சி. ஹெல்மெட் போடாமல் கடலூர் போய்வந்த எத்தனையோ பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒரே அளவு குடித்த இரண்டு தாய்மாரில் ஒருவரின் குழந்தைக்குப் பாதிப்பு வருவதும் இன்னொருவரின் குழந்தை தப்புவதும் நடக்கிற விஷயம். தாயின் வயது, சாப்பாடு, உடல்வாகு, மரபணு எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. நீங்கள் யாருடைய பக்கம் இருக்கிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இவ்வளவு வரை பாதுகாப்பு என்று கோடு கிழிக்க எந்த ஆய்வாலும் முடியவில்லை. அதனால்தான் பூஜ்யம் என்கிறோம். ஒரு வாய் ஒயினில் குழந்தை அழிந்துவிடும் என்பதால் சொல்வதில்லை. ரெட் ஒயின், வெள்ளை ஒயின், கள், சாராயம் எல்லாவற்றிலும் உள்ளே போவது ஒரே பொருள்தான்.

கள் என்றதும் ஒரு விஷயம். கடலூர்ப் பக்கம் கள்ளுக்கு 1987இலிருந்து தடை. எல்லையைத் தாண்டினால் நம் பக்கம் கள்ளுக்கடை உண்டு. "கள்ளு குளிர்ச்சி, வயித்துல இருக்கிற புள்ளைக்கு நல்லது" என்று பாகூர்ப் பக்கத்திலிருந்து வரும் பாட்டிமார் இன்றும் என்னிடம் வாதாடுகிறார்கள். காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்து, சாதாரண பீரின் அளவை எட்டிவிடும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர் வேறு, அது புளிக்காது. புதிதாகக் கிடைத்தால் தாராளமாகக் குடிக்கலாம், சர்க்கரை நோய் இல்லாவிட்டால். பழைய சோறும் புளித்த இட்லி மாவும் பிரச்சினை இல்லை. பதற்றத்தில் அதையெல்லாம் நிறுத்திவிட்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மருந்துக்கடையில் வாங்கும் அரிஷ்ட வகைகளை மட்டும் கேட்காமல் குடிக்காதீர்கள். புளிக்கவைத்துச் செய்வதால் அவற்றில் தானாகவே ஆல்கஹால் உண்டாகும், பாட்டிலிலேயே அச்சிட்டிருப்பார்கள். தசமூலாரிஷ்டம் அந்த வகைதான்.

அத்தையின் பிராந்திக்கு வருவோம். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1960களின் கடைசியிலும் 70களிலும், குறைமாதத்தில் வலி வந்தால் அதை நிறுத்த வெளிநாட்டு டாக்டர்களே கர்ப்பிணிகளுக்கு நரம்பு வழியாக ஆல்கஹால் டிரிப் ஏற்றினார்கள். படித்தவர்களே செய்த காரியம். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும், வலி தெரியாமல் தூங்க வேண்டும் என்று அத்தை நினைப்பதில் பாசம் தவிர வேறொன்றும் இல்லை.

ஆனால் அந்தச் சூடு பொய்ச் சூடு. தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிவதால் கதகதப்பாகத் தெரியும், உடம்பு உண்மையில் சூட்டை இழந்துகொண்டிருக்கும். பால் சுரந்து வெளியே வர உதவும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்குகிறது, எனவே பால் குறையும். தாயின் ரத்தத்தில் உள்ள அளவே பாலிலும் இருக்கும். பாலைப் பீய்ச்சிக் கொட்டினாலும் அது சீக்கிரம் போகாது, நேரம்தான் ஆக வேண்டும். பிராந்தி குடித்துவிட்டு அசந்து தூங்கும் அம்மாவின் பக்கத்தில் பச்சைக் குழந்தை படுத்திருப்பது எனக்கு இன்னும் பெரிய பயம். அவள் புரண்டால் அவளுக்கே தெரியாது. சளி பிடித்தால் குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுப் பிராந்தி தடவும் பழக்கமும் சில வீட்டில் இருக்கிறது. குழந்தையின் ரத்தச் சர்க்கரை அதனால் இறங்கிவிடலாம், வலிப்பு வரலாம். அத்தையிடம் சண்டை வேண்டாம். "டாக்டரம்மா மிளகு ரசமும் பூண்டுக் குழம்பும் போதும்னு சொல்லிட்டாங்க அத்தை" என்று என் மேல் பழியைப் போடுங்கள். இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கு அது பழகிவிட்டது.

கடைசியாக நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரி. அதுதான் என்னை உறுத்தியது.

நானும் அந்த டாக்டரைப் போலத்தான் இருந்தேன். வேலைக்கு வந்த புதிதில், கணவர் குடிப்பாரா என்று எல்லாப் பெண்களிடமும் கேட்பேன். நீங்கள் குடிப்பீர்களா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டால் அடித்துவிடுவார்களோ என்ற நினைப்பு. அப்போது ஒரு பெண் சிசேரியன் ஆகி இரண்டாம் நாள் கை நடுங்க ஆரம்பித்தார். உடம்பெல்லாம் வியர்வை, பிறகு வலிப்பு. நாங்கள் ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு என்று நினைத்து அதற்கான மருந்தை ஏற்றினோம். அழுத்தமோ பெரிதாக இல்லை, கணக்கு உதைத்தது. அவருடைய அம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய், "கட்டட வேலைக்குப் போறவம்மா, உடம்பு வலிக்கு டெய்லி சாராயம் போடுவா, அது இல்லாம ரெண்டு நாளாச்சு" என்று காதில் சொன்னார். குழந்தையின் எடை 1.9 கிலோ. ஒன்பது மாதத்தில் எத்தனை செக்கப்! ஒரு தடவையாவது நான் கேட்டிருக்கலாம். அன்றிலிருந்து எல்லாரிடமும் கேட்கிறேன். ஐ.டி. கம்பெனிப் பெண்ணிடமும் கேட்கிறேன், நாற்று நடும் அம்மாவிடமும் கேட்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை. பலர் அழுதிருக்கிறார்கள்.

உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தலாம்: தினமும் குடிக்கும் பழக்கம் இருப்பவர், கர்ப்பம் என்று தெரிந்ததும் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்த முயல வேண்டாம். நடுக்கமும் வலிப்பும் வந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் சேர்ந்து, மருந்தின் துணையோடு நிறுத்த வேண்டும். கோரிமேட்டில் ஜிப்மரின் மனநலப் பிரிவில் குடிமீட்புச் சிகிச்சை உண்டு. போனில் பேச 14446, மனச்சுமையாக இருந்தால் டெலி மானஸ் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஃபோலிக் ஆசிட் மாத்திரை தொடங்கியிருக்காவிட்டால் இன்றே தொடங்குங்கள். கணவரிடம் பிரசவம் வரையாவது வீட்டுக்குள் பாட்டில் வேண்டாம் என்று கேளுங்கள். நிச்சயதார்த்த வீட்டில் கிளாஸ் நீட்டுகிறவர்களிடம் தனியாக மறுப்பது சிரமம், அவரும் சேர்ந்து வேண்டாம் என்றால் சுலபம். அப்புறம், அடுத்த செக்கப்புக்கு உங்கள் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், "கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் குடிச்சிருக்கேன் டாக்டர், கார்டுல எழுதிக்குங்க" என்று சொல்லுங்கள். பின்னால் குழந்தையின் பேச்சிலோ படிப்பிலோ ஏதாவது தாமதம் தெரிந்தால், அந்த ஒரு வரி குழந்தை மருத்துவருக்குப் பெரிய உதவி. சீக்கிரம் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்தால் பலன் உண்டு. அந்த டாக்டர் முகம் சுளித்தால் கவலைப்படாதீர்கள், புதுச்சேரியில் மகப்பேறு டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை.